தேநீர் முறை முடிந்த நாள்

அத்தியாயம் 19

காலை நான்கு மணிக்கு எழுந்து அரிசி களைந்துகொண்டிருந்தபோதுதான், இன்றைக்குச் சாப்பாட்டு டப்பா கட்டத் தேவையில்லை என்று நினைவு வந்தது. பத்து வருடப் பழக்கம். கை தானாகக் குழாயடிக்குப் போய்விடுகிறது. களைந்ததை வீணாக்க மனமில்லாமல் குக்கரில் வைத்து, சோற்று உருண்டை பிடித்துக் கடற்பாசி சுற்றினேன். ரயிலில் தின்னட்டும்.

இன்று என் மகன் கெய்தோ தொழில்முறை பேஸ்பால் ஆட்டக்காரனாகி, அணியின் விடுதிக்குக் குடிபோகிறான். பதினெட்டு வயது. அக்டோபரில் அணிகள் ஆள் எடுத்த நாளில் நாங்கள் பட்ட பாட்டைச் சொல்லியிருக்கிறேன். பள்ளிக்கூட வகுப்பறையில் மூன்று மணி நேரம் டிவியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். கேமராக்காரர்கள் இரண்டு பேரும் பெட்டி கட்டிக்கொண்டு படியிறங்கிய பிறகு, எல்லா அணிகளுக்குமாகச் சேர்த்துக் கடைசிக்கு முந்திய பெயராக இவன் பெயரைச் சொன்னார்கள். என் கணவர் குனியோ துள்ளிக் குதித்ததில் தலைமையாசிரியரின் மூக்குக்கண்ணாடி உடைந்தது.

அணியின் பெயர் ஹெரன்ஸ். தொப்பியில் ஒற்றைக்காலில் நிற்கும் கொக்கு. எடுத்தார்களே தவிர, முழு ஆட்டக்காரனாக எடுக்கவில்லை. பயிற்சி ஆட்டக்காரன். சட்டையில் 127 என்று மூன்று இலக்க எண் போட்டிருப்பார்கள். மூன்று வருடத்துக்குள் இரண்டு இலக்கச் சட்டைக்கு மாறவில்லை என்றால் ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். இந்த விவரத்தை ஊரில் யாரிடமும் நாங்கள் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவர்களும் தெரியாதது போலவே வந்து வாழ்த்திவிட்டுப் போனார்கள்.

மாடியில் 'சரக் சரக்' என்று சத்தம். போய்ப் பார்த்தால், என் பதினான்கு வயது மகள் மொமோகா அளக்கும் டேப்பை வைத்துக்கொண்டு அண்ணன் அறையை அளந்துகொண்டிருந்தாள். அண்ணன் அதே அறையில்தான் சட்டை மாட்டிக்கொண்டிருந்தான்.

"அவன் கிளம்பக்கூட இல்லைடி!"

"இப்பவே அளந்து வச்சாத்தான் ஞாயித்துக்கிழமை கட்டிலைத் திருப்பிப் போட முடியும். அண்ணா, அந்தச் சுவத்துல ஒட்டின படத்தையெல்லாம் கிழிச்சுடலாம்தானே?"

"கிழி," என்றான் கெய்தோ.

அவ்வளவுதான் பேசுவான். மூன்று வருடமாக இந்த வீட்டில் அவன் என்னிடம் பேசியதைச் சேர்த்தால் அரைப் பக்கம் வராது. சோறு, குளியல், துணி. முதல் இரண்டுக்கும் பதில் தேவையில்லை. மூன்றாவதற்குச் சேற்றோடு ஒரு மூட்டை வரும்.

கீழே வாசலில் ஊறுகாய்க் கடை ஒகஸவாரா நின்றிருந்தார், தலையெல்லாம் பனியோடு. கையில், கடைப்பெயர் அச்சிட்ட உறையில் புகை போட்டு ஊறவைத்த முள்ளங்கி, முழு நீளத்துக்கு ஒன்று.

விஷயம் இதுதான். விடுதிக்குள் நுழையும் புதுப் பையன்கள் வீட்டிலிருந்து எதைக் கொண்டுவந்தார்கள் என்று பத்திரிகைக்காரர்கள் வாசலிலேயே கேட்பார்கள். அதைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். மறுநாள் விளையாட்டுப் பத்திரிகைகளில் அது வரும். இது தெரிந்த நாளிலிருந்து எங்கள் ஊருக்கே தூக்கமில்லை. நகராட்சியிலிருந்து முள்ளங்கிக்குக் கைகால் வைத்த பொம்மை ஒன்று வந்தது. குனியோ தன் பங்குக்கு, கெய்தோ எட்டு வயதில் முதன்முதலாக எறிந்த பந்தைத் துடைத்துத் துணியில் சுற்றி வைத்தார். இப்போது நிஜ முள்ளங்கியும் வந்துவிட்டது.

"தூக்கிப் பிடிக்கும்போது கடை பேரு தெரியற மாதிரி பிடிக்கச் சொல்லுங்கம்மா," என்றார் ஒகஸவாரா.

"சொல்றேன்," என்றேன். விவாதம் செய்யத் தெம்பில்லை.

குனியோ நகராட்சியில் பனி அள்ளும் வண்டி ஓட்டுகிறார். ராத்திரி பெய்த பனிக்கு மூன்று மணிக்கே கூப்பிட்டுவிட்டார்கள். மகனோடு விடுதிவரை போக ஆசைப்பட்டவர் அவர்தான். பனிக்காலத்தில் அவருக்கு விடுப்புக் கிடையாது என்பதால், போக வேண்டியவள் நானாகிவிட்டேன். டாக்ஸி தெருவுக்குள் வர முடியாது என்பதால் எங்கள் தெருவை முதலில் வழித்துவிட்டு, வண்டியை வாசலுக்கு எதிரே நிறுத்தினார். இறங்கவில்லை. மேலே ஜன்னலைத் திறந்து, "எறிடா!" என்று கத்தினார். கெய்தோ தொப்பியைக் கழற்றிக் குனிந்தான்.

குனியோவும் பள்ளி நாட்களில் ஆடியவர்தான். கேட்சர். ஒருவன் எறிய, முட்டியை மடக்கிக் குந்தியிருந்து பிடிக்கிற ஆள். அவர்கள் அணி மாகாணப் போட்டியில் ஜெயித்த மறுநாள் பத்திரிகையில் எறிந்தவனின் முகம் பெரிதாக வந்தது. இவருடைய முதுகு மட்டும் ஓரத்தில் வந்தது. அதைச் சொல்லிச் சொல்லி இன்றைக்கும் மாய்ந்துபோவார். "என் பிள்ளை எறிவான், உட்கார மாட்டான்" என்று கெய்தோ பால்பல் விழும்போதே முடிவு செய்துவிட்டார். அதற்காகப் பத்து வருடம் தினமும் சாயங்காலம் வீட்டுக்குப் பின்னால் தானே குந்தியிருந்து மகன் எறிந்ததைப் பிடித்தார். முட்டி இரண்டும் தேய்ந்துபோய்விட்டன. மாடி ஏறினால் அவர் முனகுவது கீழே சமையலறைவரை கேட்கும்.

அவர் பிடித்தார். நான் தேநீர் கொடுத்தேன்.

பிள்ளையை பேஸ்பாலில் சேர்த்தால் அம்மாவுக்குத் தேநீர் முறை வந்துவிடும். மைதானத்தில் எந்த அம்மா எந்த நாளில் என்று அட்டவணை ஒட்டியிருப்பார்கள். பயிற்சியாளருக்குச் சூடாக, துணைப் பயிற்சியாளருக்குச் சர்க்கரை இல்லாத காபி, எதிர் அணிக்காரர்களுக்கு நம்மவர்களுக்கு முன்னால், பையன்களுக்கு ஜாடி நிறைய ஆறின பார்லித் தண்ணீர். இரண்டு கையாலும் ஏந்தி, வலப்பக்கமாக நின்று வைக்க வேண்டும். கோப்பை காலியாகிப் பத்து நொடி தாண்டினால் மூத்த அம்மாக்கள் முறைப்பார்கள். பள்ளிக்கூட மதிய உணவுச் சமையலறையில் நாள் முழுக்க எண்ணூறு பிள்ளைகளுக்கு ஆக்கிப் போட்டுவிட்டு, சனி ஞாயிறு இது. பத்து வருடமாக அங்கே யாரும் என்னை சதோமி என்று கூப்பிட்டதில்லை. 'கெய்தோவோட அம்மா' என்றுதான் கூப்பிடுவார்கள்.

அதனால் இந்த நாளுக்காக நான் காத்திருந்தேன். பிள்ளையைப் பிரிகிற துக்கம் வரவில்லையா என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். வந்தது. ஆனால் அதைவிடத் தூக்கம் அதிகமாக வந்தது. அவனை விட்டுவிட்டுத் திரும்பும்போது ஜன்னலோர இருக்கையில் நாலு மணி நேரம் யாரும் எழுப்பாமல் தூங்க வேண்டும் என்று ஒரு மாதமாகத் திட்டம் போட்டு வைத்திருந்தேன்.

ரயிலில் அவன் உருண்டை நான்கையும் தின்று முடித்தான். மலையெல்லாம் தாண்டி, பனி குறைந்து, வெயில் அடிக்கிற வயல்கள் வந்த பிறகு வாயைத் திறந்தான்.

"அம்மா, உன்கிட்ட ஒண்ணு கேட்கணும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னடா?"

"அங்க வந்து எதுவும் பண்ணாதே."

"எதுன்னா?"

"எதுவும். பேசாதே, ஓடி ஓடிக் குனியாதே, என் பையைத் தூக்காதே. ஒரு தடவை வணக்கம் சொல்லிட்டு உட்கார்ந்திரு. முடிஞ்சதும் கிளம்பிடு. நான் கடைசி ஆளு. முதல் நாள் எவனும் என்னைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. அவ்வளவுதான்."

மூன்று வருடத்தில் அவன் என்னிடம் கேட்ட ஒரே உதவி. அதுவும் சும்மா இருக்கச் சொல்லி. நெஞ்சில் சுருக்கென்று தைத்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால், எனக்கும் வேண்டியது அதுதானே?

"சத்தியமா ஒண்ணும் பண்ண மாட்டேன். பொம்மை மாதிரி உட்கார்ந்திருப்பேன்," என்றேன்.

அவன் தலையை ஆட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

விடுதி வாசலில் பத்திரிகைக்காரர்கள் முப்பது பேருக்குக் குறையாமல் நின்றிருந்தார்கள். புதுப் பையன்கள் ஏழு பேர். முதலாவதாக எடுக்கப்பட்டவன் ஆளுயரச் சுறா பொம்மையோடு வந்தான். அதைக் கட்டிக்கொண்டுதான் தூங்குவானாம். கேமராக்கள் படபடவென்று அடித்தன. சுறாவோடு நில், சுறாவைத் தோளில் வை, சுறாவுக்கு முத்தம் கொடு என்று அரை மணி நேரம் போயிற்று. அவன் உள்ளே போனதும் கூட்டமும் கூடவே உள்ளே போய்விட்டது.

ஏழாவதாக கெய்தோ வந்து நின்றபோது வாசலில் மிச்சமிருந்தது ஒரே ஒரு பெண். எங்கள் மாகாணப் பத்திரிகையிலிருந்து வந்தவள். அவளும் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.

"என்ன கொண்டு வந்தீங்க?"

அவன் பைக்குள் கைவிட்டான். முதலில் அகப்பட்டதை எடுத்தான்.

"முள்ளங்கி."

"ஏன் முள்ளங்கி?"

"குடுத்தாங்க."

அவள் எழுதிக்கொண்டாள். ஒரு படம் எடுத்தாள். கடைப்பெயர் மறுபக்கம் இருந்தது. திருப்பிப் பிடி என்று சொல்ல என் வாய் துடித்தது. சத்தியம் செய்திருந்ததால் மூடிக்கொண்டேன். அவன் அந்த முள்ளங்கியைப் பைக்குள் திணித்துவிட்டுக் காதெல்லாம் சிவக்க உள்ளே போனதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

பெற்றோர்களைச் சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார வைத்தார்கள். எதிரே நீளமேசையில் இரண்டாம் நிலை அணியின் தலைமைப் பயிற்சியாளர் தகிஸே, விடுதிக் காப்பாளர் ஹிருகாவா, இன்னும் ஐந்து பேர். பையன்கள் சுவரோரமாக வரிசையில் நின்றார்கள். சுறாவைப் படம் பிடித்து முடித்த பத்திரிகைக்காரர்கள் பின்னால் நின்றார்கள். ஹிருகாவா எழுந்து விடுதியின் வரலாற்றை ஆரம்பித்தார். எப்போது கட்டினார்கள், எப்போது கூரை மாற்றினார்கள் என்று போய்க்கொண்டிருந்தது. கூடத்தில் கதகதப்பான காற்று. என் கண் சொக்கியது.

பக்கத்து மேசையில் வெந்நீர்க் குடுவை, தேநீர்க் கெண்டி, துணி போர்த்திய கோப்பைகள். எதிரே உட்கார்ந்திருந்த ஏழு பேர் முன்னாலும் ஒன்றுமில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை நான் முடிவெடுத்துச் செய்யவில்லை. விழித்துப் பார்த்தால் கெண்டி என் கையில் இருந்தது. கோப்பைகளைத் திருப்பி வைத்துவிட்டிருந்தேன். இலை ஊறிக்கொண்டிருந்தது. ஐயோ என்று அப்படியே வைத்துவிடலாமா என்று நினைத்த வினாடியில், பக்கத்தில் ஒரு தட்டு நீண்டது. சுறாப் பையனின் அம்மா. பட்டுக் கிமோனோவில் வந்திருந்தவள், ஒரு வார்த்தை பேசாமல் தட்டை நீட்டிக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி துடைக்கும் துணியோடு. ஏழு அம்மாக்களும் எழுந்துவிட்டோம். ஒருத்தி ஊற்ற, ஒருத்தி ஏந்த, ஒருத்தி வைக்க, ஒருத்தி சிந்தியதைத் துடைக்க. தகிஸேவுக்கு முதலில், வலப்பக்கமாக, இரண்டு கையாலும். நாட்டின் ஏழு மூலையிலிருந்து வந்தவர்கள், முன்பின் பார்த்ததில்லை, ஒருத்தி மேல் ஒருத்தி இடித்துக்கொள்ளக்கூட இல்லை. அப்பாக்கள் வழக்கம்போல உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள்.

ஹிருகாவா பேச்சை நிறுத்திவிட்டார். பின்னால் கேமராக்கள் படபடவென்று அடித்தன.

நான் கெய்தோவைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஏழு பேரும் குடித்தார்கள். குடிக்காமல் என்ன செய்வார்கள்? ஹிருகாவா கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"அம்மாக்களே, தயவுசெஞ்சு உட்காருங்க. இந்த விடுதிக்குன்னு ஒரு சட்டம் இருக்குங்க. இங்க அம்மாக்கள் டீ ஊத்தக் கூடாது, துணி துவைக்கக் கூடாது, எதுவும் செய்யக் கூடாது. பசங்களேதான் செஞ்சுக்கணும். அதைச் சொல்லத்தான் உங்களைக் கூப்பிட்டு உட்கார வச்சேன். கூரை மாத்தின கதை முடிஞ்சதும் சொல்லலாம்னு இருந்தேன்."

கூடமே சிரித்தது. தகிஸே மட்டும் சிரிக்கவில்லை. கோப்பையை நீட்டி இன்னொரு வாய் கேட்பவர் போல் பார்த்துவிட்டு, அடக்கிக்கொண்டார்.

"சரி, முதல்ல எழுந்தது யாரு?" என்றார் ஹிருகாவா.

மற்ற ஆறு அம்மாக்களும் நல்லவர்கள், ஒருத்தியும் என்னைப் பார்க்கவில்லை.

"என் அம்மா." கெய்தோ ஓரடி முன்னால் வந்தான். "நிஷிகாதா கெய்தோ. நூத்தி இருபத்தேழு."

"அப்ப இந்த மாசம் டீ உன் பொறுப்பு. நாலு மணிக்குப் பயிற்சியாளர் கூட்டம் இருக்கு. பதினோரு பேரு."

மறுபடியும் சிரிப்பு. அவன் கேட்டது ஒன்றே ஒன்று. முதல் நாள் யாரும் தன்னைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்று கேட்டான். ஒரு மணி நேரம்கூட என்னால் அதைக் காப்பாற்ற முடியவில்லை.

வாசல்வரை வந்தான். வர வேண்டும் என்பதற்காக வந்தான் என்று நடையிலேயே தெரிந்தது.

"ஒண்ணே ஒண்ணுதானே கேட்டேன்?"

"கை தானா போயிடுச்சுடா. தூக்கக் கலக்கம்."

"இங்க முறை, அட்டவணை எல்லாம் கிடையாதும்மா. உன் வேலை முடிஞ்சுபோச்சு. புரியுதா? முடிஞ்சுபோச்சு."

திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான். வேலை முடிந்தது என்று யாராவது ஒரு நாள் சொல்ல மாட்டார்களா என்று பத்து வருடம் ஏங்கியிருக்கிறேன். சொன்னான். ரோட்டோரத்தில் நின்று அழுதேன். வெட்கம் பாதி, ஆங்காரம் பாதி. மூக்கைச் சிந்திக்கொண்டிருந்த அந்தப் பத்திரிகைப் பெண் பேசாமல் வந்து காகிதக் கைக்குட்டை ஒன்று கொடுத்துவிட்டுப் போனாள்.

திரும்பும் ரயிலில் ஜன்னலோர இருக்கை கிடைத்தது. காலணியைக் கழற்றிவிட்டுச் சாய்ந்தேன். மொமோகாவிடமிருந்து செய்தி: 'அம்மா நீ டிவியில வர்ற. ஏழு அம்மாக்கள்னு ஓடிட்டிருக்கு. உன் தலைமுடி பின்னாடி தூக்கிட்டு நிக்குது.' பதில் போடவில்லை. கண்ணை மூடினேன். மூன்றே கால் மணிக்குப் போன் அதிர்ந்தது.

கெய்தோ.

இருக்கையில் உட்கார்ந்து போன் பேசக் கூடாது. காலணியை மாட்டிக்கொண்டு, பெட்டிகளுக்கு நடுவே கதவோரமாக இருக்கும் இடத்துக்கு ஓடினேன். இன்னும் திட்டப் போகிறான் என்றுதான் நினைத்தேன்.

"அம்மா, தண்ணி கொதிக்குது. அப்புறம் என்ன பண்ணணும்?"

போனைக் காதிலிருந்து எடுத்து, கெய்தோதானா என்று திரையைப் பார்த்தேன்.

"அம்மா?"

"இருக்கேன். இலை போட்டுட்டியா?"

"போட்டேன். கொதிக்கற தண்ணியை ஊத்திக் குடிச்சுப் பார்த்தேன். வாயில வைக்க முடியல. கசக்குது."

"கொதிக்கக் கொதிக்க ஊத்தினா கசக்கத்தான் செய்யும். முதல்ல வெறுங்கோப்பையில தண்ணியை ஊத்து. கோப்பையும் சூடாகும், தண்ணியும் ஆறும். அதைத்தான் இலையில ஊத்தணும். ஊறினதும் ஒரு கோப்பையை நிரப்பிட்டு அடுத்ததுக்குப் போகாதே. எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சமா ஊத்திக்கிட்டே போயி, அப்படியே திரும்பி வா. இல்லேன்னா முதல் ஆளுக்குத் தண்ணி, கடைசி ஆளுக்குக் கஷாயம்."

"இரு இரு. எழுதிக்கறேன்." பேனா கீறும் சத்தம். "முதல்ல யாருக்கு?"

"தகிஸே. அப்புறம் வயசு பார்த்து. வலது பக்கம் நின்னு வை. ரெண்டு கையாலயும்."

"இதெல்லாம் எங்க கத்துக்கிட்டே?"

"திட்டு வாங்கித்தான். நீ மூணாங்கிளாஸ் படிக்கும்போது, பயிற்சியாளருக்கு முன்னாடி நடுவருக்குக் குடுத்துட்டேன்னு எல்லா அம்மாக்கள் முன்னாடியும் ஒருத்தி என்னை நிக்க வச்சுக் கேட்டா."

"எனக்குத் தெரியாதே."

"உனக்கு எப்படித் தெரியும்? நீ எறிஞ்சுக்கிட்டிருந்தே."

மறுபக்கம் கோப்பைகள் உரசும் ஒலி கேட்டது.

"அம்மா, அதைத்தான் சொல்லணும். நான் எறியப் போறதில்லை."

"என்னடா சொல்றே?"

"கோப்பை எடுக்கும்போது தகிஸே கூப்பிட்டார். உன் பந்துக்கு வேகம் பத்தாது, அது எடுக்கும்போதே எங்களுக்குத் தெரியும், பயிற்சியில நீ மத்தவங்க பந்தைப் பிடிச்சதைப் பார்த்துத்தான் உன்னை எடுத்தோம்னார். நாளையிலிருந்து கேட்சர்."

ரயில் ஆடியது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். "உனக்கு எப்படிடா இருக்கு?"

"தெரியல. அறையில போயி குந்தி உட்கார்ந்து பார்த்தேன். கால் தானா மடங்குது. பத்து வருஷம் எதிர்ல பார்த்துக்கிட்டே இருந்தேன்ல, அப்பா மாதிரியே வருது." அவன் குரல் இறங்கியது. "அப்பாகிட்ட நீ சொல்லிடேன்."

"நீயே சொல்லு. என் வேலைதான் முடிஞ்சுபோச்சே?"

"அம்மா!"

"சும்மா கேட்டேன்."

"என்னால முடியாதும்மா. அவர் ஒண்ணும் சொல்ல மாட்டார். சரிம்பார். அந்தச் 'சரி'யைக் கேட்க முடியாது."

சொல்கிறேன் என்றேன். வைத்துவிட்டான். இருக்கைக்குத் திரும்பித் தூங்கியிருக்கலாம். மறுபடி கூப்பிட்டால் என்ன செய்வது என்று அங்கேயே நின்றேன். கால் கடுத்தது. நாலரை மணிக்குக் கூப்பிட்டான்.

"யாரும் ஒண்ணும் சொல்லல. எல்லாக் கோப்பையும் காலி."

"அப்ப நல்லா இருந்திருக்கு. ஒண்ணும் சொல்லலேன்னா நல்லா இருக்குன்னு அர்த்தம்."

"அப்படியா?" என்றான். "பத்து வருஷமா உன்கிட்ட யாருமே ஒண்ணும் சொல்லலியே."

குளிருக்குக் கெட்டியாகச் சட்டை போட்டுக்கொள் என்று சொல்லி வைத்தேன்.

ஸ்டேஷனில் குனியோ நகராட்சிக் கோட்டோடு காத்திருந்தார். பதினாறு மணி நேரம் வண்டி ஓட்டிய முகம். ஆனாலும் கண் பளபளத்தது.

"பத்திரிகைக்காரங்க நெட்டுல படம் போட்டிருக்காங்க, முள்ளங்கியையா தூக்கிப் பிடிச்சான்? பந்து இருந்துச்சே! சரி, அது போகட்டும். எறியவிட்டுப் பார்த்தாங்களா? யாரு பிடிச்சா? எறிஞ்சதைப் பார்த்து என்ன சொன்னாங்க?"

"வீட்டுக்குப் போய்ச் சொல்றேன்."

"இப்பவே சொல்லேன்."

"நீங்க எனக்கு ஒரு டீ போட்டுக் குடுங்க. குடிச்சிட்டுச் சொல்றேன்."

கல்யாணமாகி இருபத்தியொரு வருடத்தில் அவரிடம் நான் இப்படிக் கேட்டதில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்தார். வீட்டுக்கு வந்ததும் சமையலறைக்குள் போய் ஒவ்வொரு அலமாரியாகத் திறந்தார். இலை எங்கே இருக்கிறது என்று கேட்டார். நான் சொல்லவில்லை; தேடட்டும். மொமோகா மாடிப்படியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள்.

கொதிக்கக் கொதிக்க ஊற்றி எடுத்துவந்தார். வேப்பிலைச் சாறு தோற்றது. எத்தனை மெதுவாகக் குடிக்க முடியுமோ அத்தனை மெதுவாகக் குடித்தேன். இந்த மனிதர் இன்றைக்கு அதிகாலையில் வண்டியின் அவ்வளவு உயரத்திலிருந்து 'எறிடா' என்று கத்தியதை நினைத்தால் எனக்கு அழுகையாக வந்தது. கடைசியில் கோப்பை காலியாகிவிட்டது.

அவர் எதிரே கையூன்றி, முனகிக்கொண்டே உட்கார்ந்தார்.

"இப்பவாவது சொல்லு."

"உங்க முட்டி வலி எப்படி இருக்கு?"

"என் முட்டிக்கு என்ன இப்போ? அவன் தோளைப் பத்திச் சொல்லு."

"இல்லீங்க," என்றேன். "முட்டியைப் பத்திதான் சொல்லணும்."